காலாவதியாகாத கடன்

"அவ குளிச்சிட்டிருக்கா. அப்புறம் கூப்பிடுங்க." அப்பா போனை வைத்தார்.

"கிரெடிட் கார்டு கடன்காரன்தானே? ஏம்ப்பா இப்படிப் புளுகுறீங்க?" என்று சீறினாள் மகள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. படித்தது சட்டம்.

"பாவம், ஒரு நூறாவது கட்டச் சொல்றான். கட்டிடலாம்னு இருக்கேன்."

"தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்காதீங்க! அம்மா கார்டுக்கு நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பேங்க்காரன் கேஸ் போடுற கெடு அடுத்த மாசம் முடியுது. இப்ப நூறு கட்டினாலும் அது முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். அப்புறம் கோர்ட்டுக்குப் போய் உங்க சம்பளத்துலயே பிடிப்பாங்க. எத்தனை தடவை சொன்னேன்?"

"நீ சொன்னதாலதான் கட்டப் போறேன்."

"என்னது?"

"கெடு முடிஞ்சா கூப்பிட மாட்டாங்கல்ல?" அப்பா துண்டால் போனைத் துடைத்தார். "உங்கம்மா போய் மூணு வருஷமாச்சு. 'வீட்ல இருக்காங்களா'ன்னு அவளைக் கேட்க இப்ப வேற யாரும்மா இருக்கா? பதில் சொல்ற அந்த ஒரு நிமிஷம், அவ இங்கதான் எங்கயோ குளிக்கிறா, துணி மடிக்கிறா..."

மகள் அவர் சட்டைப் பையிலிருந்த நூறை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை போன் அடித்தது.

"அம்மா வீட்ல இருக்காங்களா?" ஆபீசிலிருந்து மகள் கேட்டாள்.

அப்பா போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மாடியில துணி எடுத்திட்டிருக்கா. ஏன், என்ன விஷயம்?"