பிரேக் ஆயில் மாற்ற இரண்டு பேர்

“பெடலை மிதிச்சுப் பிடி. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது, சரியா?”

காரின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் குந்தியிருந்த கணவர் கத்தினார். ஓட்டுநர் இருக்கையிலிருந்த மனைவியிடமிருந்து பதிலே இல்லை.

“வாயைத் திறந்து சொல்லும்மா. ஆயில் வடியுற ஸ்க்ரூவை நான் திறந்திருக்கும்போது நீ காலை எடுத்தா காத்து உள்ள போயிடும். அப்புறம் பிரேக்கே பிடிக்காது.”

“ம்.”

“‘ம்’னா மிதிச்சாச்சா, இனிமேதான் மிதிக்கப் போறியா?”

“மிதிச்சாச்சு!”

ஒரு வாரம் கழித்து அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. கணவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அந்த வீட்டில் பந்தயத்தில் கார் ஓட்டுவது அவள். காருக்கு ஆயில் பார்ப்பது அவர். போன பந்தயத்துக்கு முன்னால், “தெருவுக்குப் போதுற பிரேக் ஆயில் ட்ராக்குக்குப் போதாதா என்ன?” என்று மேதாவி மாதிரி பழையதையே விட்டுவைத்தார். பாதிப் பந்தயத்தில் அது சூட்டில் கொதித்துவிட்டது. வளைவில் பெடல் தொபுக்கென்று அடிவரை போக, முதலில் போய்க்கொண்டிருந்தவள் எப்படியோ சமாளித்து ஓரங்கட்டினாள். அன்றைக்கு மூடிய வாய்தான். வீட்டில் சமையல் நடந்தது, துணி மடிப்பு நடந்தது, டிவிகூட ஓடியது. அவரிடம் பேச்சு மட்டும் கிடையாது.

நாளைக்கு மறுபடியும் பந்தயம். இந்தக் கோபத்தோடு அவளை ட்ராக்கில் இறக்கிவிட அவருக்குப் பயமாக இருந்தது. இன்ஜின் ஆயில், கியர் ஆயில் எல்லாம் தனியாளாகவே மாற்றிவிட்டார். ட்ராக்கில் சிந்தினால் வழுக்கும் என்று இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றியதும் அவர்தான். பிரேக் ஆயிலுக்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் வடிக்க.

“மிதி!”

“மிதிச்சாச்சு.”

“பிடி!”

“பிடிச்சிருக்கேன்.”

“என்னையா?”

“பெடலை!”

அவள் சிரிப்பை அடக்குவது குரலிலேயே தெரிந்தது. கணவருக்குத் தெம்பு வந்தது. அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார்.

“இது ட்ராக்குக்குன்னே வாங்கினது. எவ்வளவு சூடானாலும் லேசுல கொதிக்காது.”

“ஆயில் கொதிக்காம இருந்தா போதுமா? ஒரு வாரமா நான் கொதிச்சுட்டிருக்கேனே, அதுக்கு என்ன ஊத்தப் போறீங்க?”

கணவர் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு எழுந்தார். எண்ணெய்க் கையோடு ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

“தப்பு என்னுதுதான். நீ உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டுற வண்டியில நான் அலட்சியமா இருந்துட்டேன். இனிமே சத்தியமா இருக்க மாட்டேன்.”

“இதைச் சொல்ல ஒரு வாரமா?”

“நான் வாயைத் திறந்தாலே நீ எழுந்து போயிடுறே. இப்பத்தான் காலை எடுக்க முடியாம மாட்டிக்கிட்டே!”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதற்கப்புறம் முன்சக்கரங்கள் இரண்டும் முடிந்ததே தெரியவில்லை. நாளைக்கு எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது என்பதுவரை பேசி முடித்துவிட்டார்கள்.

கடைசிச் சக்கரத்தை அவர் மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டைத் திறந்துகொண்டு அவள் தம்பி வந்தான். சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். வடித்த ஆயில் இருந்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்ததும் அலறினான்.

“என்ன மாமா அநியாயம் இது! புது ஆயிலைப் போய் வடிச்சு வச்சிருக்கீங்க! நேத்து அக்கா வெளிய போயிருந்தப்ப நீங்களும் நானும்தானே மாத்தினோம்?”

கணவர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. போச்சு, மறுபடியும் ஒரு வாரம் என்று நினைத்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார்.

“அது வந்தும்மா...”

அவள் நிதானமாகக் காரைவிட்டு இறங்கினாள்.

“அவரை ஒண்ணும் சொல்லாதடா. முதல் மிதியிலேயே பெடல் கல்லு மாதிரி நின்னுது, ஏற்கெனவே மாத்தியாச்சுன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கும் இதுக்கு மேல பேசாம இருக்க முடியலை, அதான் நாலு சக்கரத்துக்கும் மிதிச்சேன்!”