மேடையில் விரித்த கம்பளம்

மேடையைப் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

மூலைக்கு மூலை, இண்டு இடுக்கு இல்லாமல், மெத்தென்று சிவப்புக் கம்பளம்.

அவள் ஆடப்போவது டேப் நடனம். காலணிக்கு அடியில் உலோகத் தகடு, தகட்டுக்கு அடியில் பலகை. சத்தம் வராவிட்டால் அது வெறும் குதியாட்டம்.

அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தாள். தட்டினால் எழும் ஒலியைக் கேட்டே, தரைக்கு அடியில் எங்கே வெடிப்பு, எங்கே வெற்றிடம் என்று சொல்லிவிடுவாள். கணுக்காலில் கட்டிய குட்டி மைக் வழியாக ஒவ்வொரு தட்டும் மேடைக்குப் பின்னால் தொங்கும் திரையில் கோடாக எழும். கல்லூரி விழாவுக்கு வரும் துணைவேந்தர் பார்த்துத் தலையசைத்தால் அவளுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம். இன்றைக்கு விட்டால் இனி கிடையாது.

கம்பளத்தை எடுக்கச் சொன்னாள்.

துறைத் தலைவர் தணிகாசலம் சிரித்தார். துணைவேந்தர் குத்துவிளக்கு ஏற்ற நடந்துவரும் மேடையாம். மரியாதையாம்.

"நீ சும்மா ஆடும்மா. அறிவியலை நான் சொல்லிக்கறேன்."

யாருடைய அறிவியலை? அவள் எழுதிக் கொடுத்ததை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்பும் அவளைக் கிண்டலடித்த அதே மனுஷன். கொழுப்பு. அசல் கொழுப்பு.

அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நம்ம டான்ஸர் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள்.

ஏறினாள். ஆடினாள்.

பொத். பொத்.

திரையில் கோடு அசையாமல் படுத்துக் கிடந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஆட்டம் முடியக்கூட இல்லை. தணிகாசலம் கைதட்டி அவளை அனுப்பிவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். ஒலி என்றால் என்ன என்று ஆரம்பித்தார்.

அழுகை வந்திருந்தால்கூடத் தேவலை. வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

கீழே டைல்ஸ் தரை.

டக்.

தணிகாசலத்தின் தலைக்குப் பின்னால் கோடு ஊசியாக எழுந்தது.

வாசல் நேரே இருந்தது. அவள் போகவில்லை. முதல் வரிசைக்கு முன்னால் ஆத்திரம் தீரத் தட்டிக்கொண்டே நடந்தாள். தணிகாசலம் குரலை உயர்த்தினார். அவள் இன்னும் ஓங்கித் தட்டினாள்.

துணைவேந்தரின் நாற்காலி அருகே சத்தம் மாறியது.

நின்றாள். அதே இடத்தில் மறுபடி தட்டினாள்.

"இந்த டைல்ஸுக்கு அடியில சிமென்ட் இல்ல சார், வெறும் காத்துதான். கொஞ்சம் எழுந்திரிங்க."

துணைவேந்தர் காலடியைப் பார்த்தார். எழுந்தார்.

அவர் எழுந்தால் அந்தக் கல்லூரியில் ஒருவரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது.

மேடையில் பேச்சு நின்றுபோனது.

அவள் அடுத்த டைல்ஸில் காலை வைத்தாள்.