வைக்காதே

ஷார்ஜாவிலிருந்து ஜாஃபர் கூப்பிட்டால், கூத்தாநல்லூரில் மனைவி ஜஸீலா உடனே எடுத்துவிட வேண்டும். இன்றும் எடுத்தாள். பேச்சில்தான் ஏதோ தடுமாற்றம்.

“பக்கத்துல யாரு?”

“யாருமில்ல மச்சான். வீட்டுக்குப் போய்ப் பேசட்டுமா?”

“அப்ப எங்க இருக்கே? யார் கூடன்னு சொல்லாம போனை வைக்காதே.”

“இல்ல மச்சான், வந்து...”

ஏதோ விழுந்த சத்தம். சற்று நேரத்தில், மூச்சு வாங்க ஓர் ஆண்குரல்: “ஹலோ.”

ஜாஃபர் கத்தினான். “யாருடா நீ? அவகிட்ட போனைக் குடு.”

“வயல்ல களையெடுத்துக்கிட்டிருந்தேங்க. இந்தப் பொண்ணு ஸ்கூட்டியோட வாய்க்கால்ல விழுந்திருச்சு. முக்காட்டுக்குள்ள செருகியிருந்த போனை எடுத்துத்தான் பேசுறேன். மூச்சு இருக்குங்க. எங்கிட்ட போன் இல்ல. நீங்க வச்சாத்தான் இதுலேர்ந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியும்.”