தை ஏழாம் தேதியின் புகை

கோத்தகிரி ஒயின் ஆலையில் ருசி பார்க்கும் தமயந்தி, அப்பாவின் தோட்டத்து ஐந்து வருஷப் பழைய சிவப்பு ஒயினைக் கருவியில் ஊற்றினாள். திராட்சை கொடியில் கழித்த ஒவ்வொரு நாளையும் ஒயினிலிருந்தே அது படித்துச் சொல்லும். குளிரில் மெதுவாகப் பழுத்த பழத்தின் இளம்புளிப்பும் மிளகு வாசனையும் அவளுக்குப் பழக்கம்தான். இந்தப் புகைவாடைதான் புதிது. எங்கிருந்து வந்திருக்கும்?

"தை ஏழு. கடும் உறைபனி. விடியும்வரை யூகலிப்டஸ் சருகுப் புகை," என்றது கருவி.

கோவையில் அவளுக்குக் கல்யாணம் நடந்த நாள் அது. காய்ச்சல் என்று சொல்லி அப்பா வரவில்லை. அதை நம்பாத கோபத்தில் ஐந்து வருஷமாக அவள் அவரோடு பேசவில்லை. உடனே அழைத்தாள்.

"அப்பா, அன்னிக்குத் தோட்டத்துல தீ மூட்டிக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமாம்மா. அப்படியே விட்டிருந்தா பனியில கொடியெல்லாம் கருகியிருக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, கல்யாணத்தைத் தள்ளி வெச்சுட்டு எனக்கு முன்னாடி நீ சருகு அள்ள வந்திருப்பியே!"