சாந்தம்மாள் பேருக்கு

"செத்துப்போனவ எப்படி வந்து சுழி போடுவா, சகாயம்?"

டாக்டர் ஸ்ரீலேகா ஃபைலை மேசைமேல் திருப்பி வைத்தாள்.

சகாயம் அதைப் பார்க்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி மூன்றுதான். அதற்குள் பனி இறங்கி, எதிரே இருந்த ஏலக்காடு மொத்தமும் காணாமல் போயிருந்தது.

வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி அது. ஸ்ரீலேகா கல்பாத்திக்காரி. பூச்சிமருந்தடிக்கிற ஏலக்காடுகளில் வேலை செய்கிறவர்களுக்கு ஏன் கை நடுங்குகிறது என்று ஒன்றரை வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள். தோட்டத்து ரிஜிஸ்டரில் பேர் உள்ள அறுபது பேர். ஆளுக்கு ஒரு நம்பர், ஒரு கார்டு. மாதம் ஒருமுறை வந்து வெள்ளைத்தாளில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுழி வரைய வேண்டும். நடுக்கம் அதில் தெரிந்துவிடும். பிறகு டாக்டர் கையைப் பிடித்துப் பார்ப்பாள். கார்டைக் காட்டினால் மாத்திரை.

ஆள் கூப்பிடுவதும் ஃபைல் வைப்பதும் சகாயத்தின் வேலை.

கட்டுரை இன்று மாலைக்குள் வெளிநாட்டு மருத்துவ இதழுக்குப் போக வேண்டும். நடுவில் யாராவது இறந்திருந்தால் அதையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். அதற்காகப் பஞ்சாயத்தில் கேட்ட பட்டியல் இப்போதுதான் வந்தது.

பதினேழாம் நம்பர் சாந்தம்மாள் போன ஜூனிலேயே இறந்துவிட்டாள்.

ஆனால் பதினேழாம் நம்பர் ஃபைலில் அதற்குப் பிறகும், ஜனவரி வரைக்கும் சுழி இருந்தது. ஏழு சுழி. ஒவ்வொன்றும் முந்தியதைவிட மோசமாக நடுங்கியிருந்தது.

வெளியே கடகடவென்று ஒரு சத்தம். சாஸருக்குமேல் கப் ஆடுகிற சத்தம். டீ மேசைக்கு வந்தது.

"வெச்சுட்டுப் போ" என்றாள் ஸ்ரீலேகா, ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காலடி வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினாள். "நீங்களே வரைஞ்சு வெச்சேளா? உள்ளதைச் சொல்லுங்கோ. பொய்யை எழுதி அனுப்பினா என் பேராக்கும் போறது."

"நான் வரையல டாக்டர். ஆள் வந்துச்சு."

"எந்த ஆள்?"

"சாந்தம்மான்னு கூப்பிட்டேன். எந்திரிச்சு வந்துச்சு."

ஸ்ரீலேகா ஃபைலை மூடினாள்.

"அவ செத்தது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? சர்ச் கல்லறையில நானும்தான ஒரு பிடி மண்ணு போட்டேன்."

"சகாயம்!"

"நீங்களும்தான கையப் பிடிச்சுப் பாத்தீங்க டாக்டர். ஒரு மாசமில்ல, ஏழு மாசம்."

அவசரமாகத் தாள்களைப் புரட்டினாள். ஒவ்வொரு சுழிக்குக் கீழேயும் தன் கையெழுத்து. 'விரல்கள் சில்லிட்டுள்ளன. வலதுகை நடுக்கம் கூடியிருக்கிறது.' ஏழு தடவையும் அவளேதான் எழுதியிருக்கிறாள்.

நினைவு வந்தது. கம்பளிக்குள்ளிருந்து நீளும் ஈரமான கை. ஐஸ் மாதிரி விரல்கள். கட்டைவிரலுக்குக் கீழே பிறை போல ஒரு தீத்தழும்பு.

முகத்தை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். கம்பளிக்கு மேலே, முகம் இருக்கவேண்டிய இடத்தில், ஒன்றுமே இல்லை.

உண்மையாகவே பயந்துபோனாள்.

"யார் அது சகாயம்?"

சகாயம் தயங்கினார். "காட்டுல ஒருத்தி வேலைக்கு வரலன்னா, அவ பேருக்கு இன்னொருத்தி போவா. கங்காணி பேரத்தான் கூப்பிடுவாரு. மூஞ்சிய எங்க பாக்காரு? இங்கயும் அப்படித்தான் ஓடிச்சு. நான்தான் கார்ட எடுத்துக் குடுத்தேன். தப்புன்னா என்னய நிறுத்துங்க. அவள நிறுத்திராதீங்க."

"நான் நிறுத்தறதா? அவ என்ன என்கிட்டயா வேலை பாக்கறா?"

சகாயம் வாசல் பக்கம் திரும்பினார்.

மறுபடியும் கடகட. இந்தத் தடவை அது மெதுவாக நெருங்கி வந்தது. ஆறிப்போன கப்பை எடுக்க ஒரு கை நீண்டது.

கட்டைவிரலுக்குக் கீழே பிறைத் தழும்பு.

ஸ்ரீலேகா அந்தக் கையைச் சட்டென்று பிடித்தாள். பாத்திரம் கழுவிய ஈரம். ஐஸ் மாதிரி விரல்கள். நன்றாகத் தெரிந்த கை.

நிமிர்ந்தாள்.

ஆன்மேரி. வார்டைப் பெருக்கி, கப் கழுவி, இரண்டு வருஷமாகத் தினமும் மூன்று வேளை டீ கொண்டுவந்து வைக்கிறவள்.

"நீயா?"

ஆன்மேரி அழத் தொடங்கிவிட்டாள். "பதினோரு வருசம் காட்டுல மருந்து கலக்கிக் குடுத்தேன் டாக்டர். ஒரு ரிஜிஸ்டர்லயும் எம்பேரு இல்ல. பேரு இல்லன்னா கார்டு இல்லன்னுட்டாக. கை நடுங்குதுன்னு தெரிஞ்சா இந்த வேலையும் போயிரும். மாத்திரை கார்டுக்குத்தான தாறீக... அதான் சாந்தம்மா பேருக்கு வந்தேன்."

ஸ்ரீலேகா கையை விடவில்லை. அது அவள் கைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது.

லேப்டாப்பில் கட்டுரை திறந்தே கிடந்தது. காலையில் அவள் மூன்று முறை திருத்தி, திருப்தியாகப் படித்த வரி எதிரே இருந்தது: 'அறுபது பேரையும் மாதந்தோறும் மருத்துவரே நேரில் பார்த்தார்.'

மற்றொரு கையால் அந்த வரியை அழித்தாள்.

ஆன்மேரி வந்தது சாந்தம்மாள் பேருக்கு. டாக்டர் பார்த்ததோ, வெறும் பேருக்கு.