பிறெடி தொடாத லஞ்ச் ஷீட்

இதை எனக்கு முதலில் சொன்னது எவ்லின் அக்காதான். போன வருஷம் அந்தோனியார் பெருநாள் முடிந்து வந்த செவ்வாய், நவநாளுக்குப் போய்விட்டு ஜம்பட்டா வீதியால் நடந்து வரும்போது சொன்னா. தன்னுடைய பிழையைத் தானே சொன்னபடியால் நான் அப்படியே நம்பினேன்.

பெருநாளுக்கு முதல் நாள். கோயில் மண்டபத்தில் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். விடிந்தால் ஏழைகளுக்கு ஐந்நூறு சோற்றுப் பார்சல் கட்ட வேண்டும். சமையல் பொறுப்பைப் பாதர் எவ்லின் அக்காவிடம் விட்டிருந்தார்.

எங்கள் கோயில் பெடியன் பிறெடி, சோறு சுற்றுகிற புது லஞ்ச் ஷீட் ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அதைச் செய்கிற மட்டக்குளி ஃபாக்டரியில்தான் அவனுக்கு வேலை.

"சும்மா தந்தவை, அன்ரி. மண்ணில போட்டா உக்கிப்போகும். தண்ணி ஓடுற கானை அடைக்காது."

"களிமண் கலந்திருக்காமே?" என்று கேட்டா எவ்லின் அக்கா.

"ஓம். மரவள்ளி மாவில செய்த ஷீட் தனிய எண்டா கிழிஞ்சிடும். உறுதிக்குத்தான் கண்ணுக்கே தெரியாத களிமண் தூள் போடுறது. நூறு கிலோவுக்கு மூண்டு கிலோ."

"கொதிக்கிற சோத்தில அது இறங்காதோ?"

"சுடுசோறு, புளிக்குழம்பு, எண்ணெய் எல்லாம் வச்சுப் பார்த்தவை. இறங்கினது மிகக் கொஞ்சம், சட்டம் விட்ட அளவுக்குள்ளதான். றிப்போர்ட் பாதரிட்ட இருக்கு. அன்ரி, கோயிலே வேண்டாமெண்டா வேற ஆர் வாங்குவினம்? அங்க நாப்பது பேர் வேலை செய்யிறம்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கொன்ஸ்ரன்ஸ் கத்தியைக் கீழே வைத்தா.

"றிப்போர்ட்டை விடு, தம்பி. நீ மத்தியானம் எதில சாப்பிடுறாய்?"

பிறெடி ஷீட் கட்டை நேராக்கி வைத்தான்.

"நான் சொல்லட்டா? எவர்சில்வர் டிபன் பெட்டி. நாலு பக்கமும் கிளிப். எப்பவும் பார்சல் கொண்டுபோற பிள்ளை, இப்ப அஞ்சு மாசமாப் பெட்டிக்கு மாறிட்டார். நானும் அதே பஸ்ஸிலதானே போறன்!"

பெண்கள் சிரித்தார்கள். எவ்லின் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உண்மையோடா?"

"ஓம், அன்ரி."

"ஏழையள் மண்ணைத் தின்னலாம், உனக்கு மட்டும் எவர்சில்வரோ? மாதாவுக்கு முன்னால நிண்டு இதைச் சொல்லுவியா? தூக்கிக்கொண்டு போ!"

பிறெடியின் முகம் கறுத்துப்போனது. "ஷீட்டில ஒரு பிழையும் இல்லை, அன்ரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கினான்.

"வையுங்கோ, அண்ணா."

எழுந்தது சாமினி. எவ்லின் அக்காவின் மருமகள், ஏழு மாதக் கர்ப்பிணி. அவளும் அதே ஃபாக்டரியில்தான் வேலை. ஷீட் மடித்துக் கட்டுகிற பக்கம்.

"சாமினி, வேண்டாம்" என்றான் பிறெடி.

"நீங்க சும்மா இருங்கோ. மாமி, உருகிற மா அந்தத் தூளைப் பிடிச்சிட்டா அது வெளியில பறக்காது. வெறும் தூளா இருக்கேக்கதான் பறக்கும். மூச்சோட நெஞ்சுக்குள்ள போகும். அண்ணா நிக்கிறது அந்தத் தூள் கொட்டுற மெஷினில. மாஸ்க் போட்டாலும் தலை, உடுப்பு எல்லாம் தூள்தான். அவர் கொண்டுபோற சோத்துப் பார்சல் மடிப்புக்குள்ளயும் போயிடும். இறுக்கின பெட்டிக்குள்ள போகாது."

கொன்ஸ்ரன்ஸ் குனிந்து வெங்காயத்தைத் தேடினா.

"அதைச் சொல்ல இவனுக்கு வாயில்லையோ?" எவ்லின் அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "பெருநாள் நேரத்தில என்னைப் பாவம் செய்ய விட்டிட்டு நிக்கிறானே!"

"சொன்னா நீங்க அடுத்த கேள்வி கேப்பீங்கள், மாமி."

"என்ன கேள்வி?"

"ஷீட் மடிச்சுக்கொண்டிருந்த நீ ஏன் அந்த மெஷினுக்குப் போனாய் எண்டு அண்ணாவிட்ட."

"ஏன் போனவன்?"

சாமினி வயிற்றில் கையை வைத்தாள்.

"அது என்ர மெஷின், மாமி. எனக்குப் பிள்ளை தங்கியிருக்கெண்டு தெரிஞ்ச அண்டைக்கே, தன்ர இடத்தை எனக்குத் தந்திட்டு அண்ணா அங்க போனவர். உங்களுக்குத் தெரிஞ்சா என்னை வேலையால நிப்பாட்டிடுவீங்கள் எண்டு, நாந்தான் சொல்ல வேண்டாமெண்டு அவரிட்டச் சத்தியம் வாங்கினனான்."

தூளை இழுத்தெடுக்கிற ஃபேன் அங்கே இன்னும் பூட்டவில்லையாம். பூட்டும் வரைக்கும், செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போனால் பிறெடிக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிடுங்கோ.