மூன்று இடத்தில் விற்ற கூடு

செம்பி என்ற தூக்கணாங்குருவி கூடு பின்னித் தானியத்துக்கு விற்றது. அதற்காகச் சந்தையில் காக்காவும், குளத்தில் தவளையும், தோப்பில் அணிலும் கூடு வாங்க ஆள் பிடித்தார்கள்.

ஒருநாள் மூவரும் மூச்சிரைக்க வந்தார்கள்.

"வித்தாச்சு!" என்றது காக்கா.

"நானும்!" என்றது தவளை.

"நானுந்தான்!" என்று குதித்தது அணில்.

செம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் கிளையைப் பார்த்தது. ஒரே ஒரு கூடுதான் தொங்கியது. மரத்தடியிலோ மூன்று சிட்டு ஜோடிகள் வந்து நின்றன. வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

"மத்தது காத்துல பறந்துபோச்சுன்னு சொல்லிடலாம்க்கா," என்று கிசுகிசுத்தது காக்கா.

செம்பி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கீழே இறங்கி, "ஒரே கூட்டை மூணு பேருக்கு வித்துட்டோம். தப்பு எங்களோடதுதான்," என்றது.

சிட்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒரு சிட்டு பக்கத்து ஜோடியின் பெட்டையைக் காட்டிச் சொன்னது: "இவ இன்னிக்கே முட்டையிடணும். கூடு இவளுக்குப் போகட்டும். நாங்க நார் கிழிச்சுத் தர்றோம், நீங்க பின்னுங்க."

ஆளுக்கொரு நாரோடு எல்லாரும் பறந்தும் குதித்தும் வர, செம்பி பின்னியது. முதல் தூறல் விழுந்தபோது மூன்றாவது கூடும் கிளையில் ஆடியது.

"அக்கா, சந்தையில இன்னொருத்தர் கேக்கிறார்!" என்று கத்தியது காக்கா.

"முதல்ல தவளையும் அணிலும் என்ன வித்தாங்கன்னு கேட்டுட்டு வாடா!" என்று செம்பி சிரித்துக்கொண்டே கத்தியது.